வாசலில் இரண்டு ஜோடி

நாளையிலிருந்து ஊரடங்கு இல்லை என்று டிவி சொன்னது வாசல்படிவரை கேட்டது. அங்கே கிடந்த ரப்பர் செருப்புகளில் இடதுக்கு வார் நடுங்கியது.

"அதுக்குள்ள ஏன் எடுக்கிறாங்க? நோய் போயிடுச்சுன்னு யாரு பார்த்தா?" என்றது.

"இப்படியே எத்தனை மாசம் தூசியில கிடக்கிறது?" என்றது வலது. ஆனால் அதுவும் சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது.

பக்கத்தில் ஒரு பூப்போட்ட ஜோடியும் கிடந்தது. அது வீட்டுக்காரரின் மனைவியுடையது. ஆம்புலன்ஸ் வந்த அன்று அந்த அம்மாவை வெறுங்காலோடு தூக்கிப்போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. செருப்பை எடுத்துப்போட யாருக்கும் மனம் வரவில்லை.

காலையில் கதவு திறந்தது. வீட்டுக்காரர் செருப்பில் காலை நுழைத்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"இவருக்கும் பயம்தான்" என்று முணுமுணுத்தது இடது.

"அக்கா, நாங்க போறோம்" என்றது வலது.

பூப்போட்ட செருப்பு பதறிப்போனது. "போறோம்னு சொல்லாதீங்க! போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க. அன்னைக்கு மூச்சு வாங்கினதுல அவங்களால அதைச் சொல்ல முடியலை."

தெருமுனை திரும்பும்வரை, அடிக்கு ஒன்றாக, இரண்டும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போயின. "போயிட்டு வர்றோம்... போயிட்டு வர்றோம்..."