இரண்டைத் தாண்டாத குமிழ்

பழுதுபார்க்க வந்த கிட்டாரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பிரித்ததுமே நெஸ்டோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திருகத் திருக முள் உரசிப்போகும் உள்ளே இருந்த கரித்தடம் இரண்டாம் எண் வரைக்கும் தேய்ந்து வெளுத்திருந்தது. அதற்கு மேல் பத்து வரை புத்தம் புதுசு.

ஐம்பது வருடத்து ஜப்பான் கிட்டார். மலிவுச் சரக்குதான். ஆனால் ஒலோங்காப்போ துறைமுகத்து மதுக்கடைகளில் காது கிழிய முழங்கிய வம்சம். அதைப் போய் இப்படிப் பூனை மாதிரி வளர்த்திருக்கிறார் மனிதர்.

"என்னண்ணே, பொண்டாட்டின்னா அவ்வளவு பயமா? ரெண்டுக்கு மேல திருகினதே இல்ல போல."

எதிர் முக்காலியில் எஃப்ரென், கிட்டாரின் காலி உறையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் இந்தக் குமிழை மாற்றியதிலிருந்து அப்படித்தான் வாசித்தாராம். தூக்கம் கெட்டால் அவளுக்கு ஆகாதாம்.

இப்போது மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது என்று நெஸ்டோர் சீண்டினான். சனிக்கிழமை வெட்டவெளியில் வாசிக்க வேண்டும், கேட்க வேண்டியவளுக்குக் கேட்க வேண்டும் என்றார் அவர். ஏதோ கல்யாண நாள் என்று நெஸ்டோர் நினைத்துக்கொண்டான்.

அந்த நினைப்பிலேயே கேட்டதற்கு மேல் செய்தான். புதுக் குமிழ் போட்டான். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சத்தை இழந்திருந்தது; அதைக் கழற்றிவிட்டு, தனக்கென்று எடுத்து வைத்திருந்த நல்லதொன்றைப் பற்றவைத்தான். இனி பத்தில் வைத்தால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

கிட்டாரைக் கையில் கொடுத்துவிட்டு, ஆம்ப்பில் வயரைச் சொருகக் குனிந்தான்.

மெல்லிய சத்தம்தான் வந்தது. பழக்க தோஷத்தில் மனிதர் இரண்டிலேயே வைத்திருக்கிறார்.

"கூட்டுங்கண்ணே. இங்க யாரு தூங்கறா?"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான்.

உறை முக்காலியில் கிடந்தது. அது மறைத்திருந்த சட்டை மார்பில், வீட்டில் சாவு கண்டவர்கள் குத்திக்கொள்ளும் சின்னக் கறுப்புப் பட்டை. அவள் போய் சனிக்கிழமையோடு நாற்பது நாள் என்றார் எஃப்ரென். கல்லறையில்தான் வாசிக்கப்போகிறாராம்.

நெஸ்டோருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எஃப்ரெனின் விரல்கள் புதுக் குமிழைப் பிடித்தன. திருகவில்லை.

"இத்தன வருஷம் அவ முழிச்சிடக் கூடாதுன்னே வாசிச்சேன். இப்ப எழுப்பலாம்னா, கை வரமாட்டேங்குது தம்பி."

நெஸ்டோர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். கடைக் கதவையும் சாத்தினான்.

இரண்டிலேயே நன்றாகக் கேட்டது.