கடைசித் தட்டு

"தபால்காரரே, மத்தியானச் சாப்பாட்டைப் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடுவீங்களா? இல்லை, கூடத்துல லைட்டைப் போட்டு வைக்கட்டுமா?"

பாத்திரத் தொட்டிப் பக்கமிருந்து தையல்காரம்மா குரல் கொடுத்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எட்டுக் குடும்பம் கூடிப் பேசி, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டி, நடுவில் பொதுவாக ஒரு சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் போட்டுக்கொண்ட இடம் அது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் மனசு ஒட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான், 'கடைசியா எழுந்திருக்கிறவங்கதான் மேஜை துடைக்கணும்' என்று ஒரு சட்டம் போட்டார். அவ்வளவுதான். மனசு ஒட்டுவதற்குள் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வாங்கிய பஸ் டிரைவர், மென்றால் நேரம் வீணாகும் என்று விழுங்கிவிட்டே போய்விடுவார்.

தினமும் மாட்டுவது ரிட்டயர்டான தபால்காரர்தான்.

"என்னம்மா பண்றது? என் பல்லும் என்கூடவே ரிட்டயர்டு ஆயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே துணியை எடுப்பார்.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் பாத்திரம் கழுவுவது அவள் முறை. வீட்டில் தைக்க வேண்டிய துணி மலை மாதிரி கிடக்க, இவர் ஒருத்தர் தட்டுக்காக நின்றாக வேண்டும். அதுவும் தட்டில் ஒட்டியதெல்லாம் காய்ந்து, சுரண்டினால்தான் போகும்.

அன்றைக்குப் பொறுக்க முடியாமல் வாசலில் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

"நியாயத்தை நீங்களே சொல்லுங்க. கை நடுங்கிக்கிட்டு, ஒரு வாய் எடுக்க அரை நாழி ஆகுது எங்க மாமாவுக்கு. அவரே இவருக்கு முன்னாடி எழுந்துடறார்! வாதம் வந்த மனுஷனுக்கு இருக்கிற சுறுசுறுப்பு, தெருத்தெருவா சைக்கிள் மிதிச்ச மனுஷனுக்கு இல்லையா?"

"வீடு வீடா நின்னு பழகிட்டார். ஒவ்வொரு பருக்கைகிட்டயும் நின்னு கையெழுத்து வாங்கறார் போல" என்றார் எக்ஸ்பிரஸ்.

மறுபடியும் சிரிப்பு. தபால்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"பேசாம இவர் சாப்பாட்டை ஒரு டப்பாவில கட்டி வீட்டுக்கே அனுப்பிடலாம். ஆற அமர நாளைக்கு வரைக்கும் சாப்பிடட்டும். யாருக்கெல்லாம் சம்மதம்?" என்றாள் தையல்காரம்மா.

கை எல்லாம் மளமளவென்று உயர்ந்தது. சுவரோரம் நாற்காலியில் இருந்த மாமனார் மட்டும், "அது இல்லம்மா..." என்று இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமா. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான்."

தபால்காரர் மாமனாரைப் பார்த்து, வேண்டாம் என்கிற மாதிரி தலையை லேசாக ஆட்டினார். மேஜையைத் துடைத்தார். துணியைப் பிழிந்து காயப் போட்டார். போய்விட்டார்.

மறுநாள் டப்பா போனது. ஒற்றுமை பிரமாதமாக நடந்தது. எக்ஸ்பிரஸ் எழுந்தார், பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தார்கள். 'இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்' என்று தையல்காரம்மா சந்தோஷமாகத் தொட்டிக் குழாயைத் திறந்தாள்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். காலியாகிப்போன நீள மேஜையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மாமனார் கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"என்ன மாமா, பசிக்கலையா?"

"பசிக்குதும்மா."

"பசிக்குதுன்னா உட்கார்ந்து சாப்பிடுங்களேன். உங்களை யார் மேஜை துடைக்கச் சொல்லப் போறா?"

"துடைக்கிறது பெரிசில்லம்மா. அத்தனை பேரும் எழுந்து போனப்புறம், சிந்திக்கிட்டு ஒத்தையா உட்கார்ந்திருக்கக் கூச்சமா இருக்கு. நாளையிலிருந்து எனக்கும் ஒரு டப்பா கட்டிடு."

"உங்களுக்கு எதுக்கு டப்பா? நீங்க என்ன அவரை மாதிரி ஆமையா?"

"யாரு, அவரா ஆமை?" மாமனார் கைத்தடியை ஊன்றி நின்றார். "எக்ஸ்பிரஸுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுடுவாரும்மா. நான் எழுந்திருக்கிற வரைக்கும், வெறும் ஸ்பூனைத்தான் தினமும் வாய்க்கும் தட்டுக்குமா கொண்டுபோயிட்டிருந்தாரு."