அமெரிக்காவிலிருந்து பதில்

முனைவர் பட்டம் வாங்கிய சங்கவி, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, வெளிநாட்டுப் பேராசிரியர்களிடம் ஆராய்ச்சி வேலை கேட்டு எழுதிவந்தாள்.

அப்பா சின்னராசுவோ, கரும்பு ஏற்றிப்போகும் ஆலையெங்கும் அவள் அமெரிக்கா போவதாகவே சொல்லிவிட்டார்.

"எப்பம்மா போற? ஆலையில கேட்டே உயிர வாங்குறானுங்க."

"அமெரிக்கா பேராசிரியர் இன்னிக்குப் பதில் போட்டுட்டாருப்பா."

"இன்னா எழுதிக்கீறாரு?"

சங்கவி தலைகுனிந்தாள். "கல்வராயன்மலைச் சாமையைப் பத்தி நான் பண்ண ஆராய்ச்சி ரொம்பப் புடிச்சிருக்காம்."

"அப்புறம் இன்னா? டிக்கெட்டு போட்றலாமா?"

"காசில்லன்னு அவரோட ஆய்வகத்தையே மூடிட்டாங்களாம். எங்க காலேஜுல அவருக்கு வேலை கெடைக்குமான்னு கேட்டிருக்காரு."

அப்பா மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"மாடி வூடு சும்மாதான கெடக்கு, வந்து தங்கட்டும். கரண்டு பில்லு மட்டும் தனின்னு எழுதிடு."