கழுகு மேல் சந்தனம்

“இன்னும் கெட்டியா அப்புய்யா! எழுத்து தெரியுது பாரு.”

மேனேஜர் இராமகிருஷ்ணன் காட்டிய இடத்தில் கலியமூர்த்தி இன்னொரு கை சந்தனம் அப்பினான். எஞ்சின் மேலிருந்த தகட்டில் ஒரு கழுகுப் படம், அதன் கீழே வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். தலைக்கு மேல் தொங்கிய துணியிலோ, ‘முழுக்க முழுக்க நம் நாட்டுத் தயாரிப்பு!’

ஆவடிப் பக்கம் அந்த ராணுவ வண்டித் தொழிற்சாலைக்குள் குடும்பங்களை விடுவது, ஆயுத பூஜை ஒரு நாள்தான். மேனேஜருக்கு டில்லியிலிருந்து வரும் பெரியவரை நினைத்துப் பயம். கலியமூர்த்திக்கு மச்சானை நினைத்து.

மச்சான் நாகேந்திரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். “குந்திகினே கவர்மெண்டு சம்பளம் வாங்குறே” என்று சீண்டுவான். “நான் கட்ற எஞ்சினுதான் மச்சான் பார்டர்ல ஓடுது” என்று இவனும் அளப்பான்.

உலகமே ஒரே சந்தையாகிவிட்டதாம். எஞ்சின் செக்‌ஷனை மூடி ரெண்டு வருஷமாகிறது. எஞ்சின் இப்போது கப்பலில் வருகிறது. அது வரும் மரப்பெட்டியில் ஆணி பிடுங்குவதுதான் கலியமூர்த்தியின் தேச சேவை. மனைவி சுசீலாவிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. அவள் வாயில் எதுவும் தங்காது. அவள் அண்ணன் நாகேந்திரன் காதுக்குப் போனால் மாமியார் வீட்டில் மானம் போய்விடும்.

கூட்டம் வந்தது. “ஒவ்வொரு திருகும் நம்ம தொழிலாளி கைவண்ணம்!” என்று மேனேஜர் முழங்கினார். டில்லிப் பெரியவர் பலமாகக் கை தட்டினார்.

“இன்னா மாப்ளே, எஞ்சினுக்கு ஒடம்பு சூடா? இம்மாஞ் சந்தனம் பூசிக்கீறே!” நாகேந்திரன் கிட்டே வந்தான்.

“சாமி காரியம் மச்சான்” என்று சமாளித்தான் கலியமூர்த்தி. அதற்குள் சந்தனம் காய்ந்திருந்தது. ஒரு பொருக்கு பெயர்ந்து விழ, கழுகு மூக்கை நீட்டியது.

சுசீலா பார்த்துவிட்டாள். அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“தள்ளுண்ணா, சாமி கும்பிட்டுக்கறேன்.” அண்ணனை இடித்துக்கொண்டு முன்னால் வந்தவள், தட்டிலிருந்த சந்தனத்தை வழித்துக் கழுகு மேல் அப்பினாள். அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாகேந்திரன் பொரி வாங்கப் போனதும் கலியமூர்த்தி மெல்லக் கேட்டான்: “அது இன்னான்னு உனக்குத் தெரியுமா?”

“இங்கிலீசுதான் தெரியாது. கழுகு கூடவா தெரியாது? நீ எடுத்தாந்த மரப்பெட்டிப் பலகையில அடிச்ச நம்ம ஊட்டு அரிசிப் பெட்டியில இதே கழுகுதானே கீது!”

“அப்ப... ரெண்டு வருசமா தெரியுமா?”

“பின்னே? எஞ்சினு கட்றவன் கைக்கு பெட்டிப் பலகை எப்படி வரும்? எங்கண்ணன் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டிய இன்னாத்துக்கு செவுத்துப் பக்கம் திருப்பி வெக்கிறேன்னு நெனச்சே?”