எட்டாவது முறை

துடியலூர் வீட்டு போர்ட்டிகோவில் அறுபது வருடப் பழைய கார் பானட் திறந்து நிற்கிறது. கழற்றிப் போட்ட ஆறு வோல்ட் பேட்டரியும் பல்புகளும் வயர்ச் சுருளும் கோணிச்சாக்கின் மேல் கிடக்க, மூன்று மணி வெயில் அந்தப் பல்புகளில் மினுங்குகிறது. புதிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியின் கடைசி நட்டை முறுக்கிவிட்டு, "இப்பப் போட்டுப் பாருங்க" என்கிறார் மெக்கானிக் சென்னிமலை. ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருக்கும் காரின் சொந்தக்காரர் லட்சுமணசாமி சாவியைத் திருப்புகிறார். இத்தனை நாள் முக்கி முனகிய ஸ்டார்ட்டர் விருட்டென்று சுழல, என்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது. அணைக்கிறார். மறுபடி போடுகிறார். பிடிக்கிறது. அணைக்கிறார். "போதுமுங்க, ஸ்டார்ட்டர் சூடாயிருமுங்க." சென்னிமலை சொல்வது லட்சுமணசாமி காதில் விழவில்லை, நெற்றி வேர்வை ஸ்டியரிங்கில் சொட்டுகிறது. ஆறாவது முறை. ஏழாவது முறை. மனைவி வரலட்சுமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதன் பின்சீட்டில் சாய்ந்து கிடந்த அன்று, ஒரு தடவைகூட இது பிடிக்கவில்லை. வாசலில் நிழலாடுகிறது. வரலட்சுமி மெல்ல நடந்து வருகிறாள். கழுத்துக்குக் கீழே ஆபரேஷன் தழும்பின் நுனி இன்னும் சிவந்திருக்கிறது. முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்காருகிறாள். "ஏனுங்க, இன்னிக்கு நான் முன்னால உக்காந்துக்கறேனுங்க. காரமடை வரைக்கும் போயிட்டு வரலாம், எடுங்க." சென்னிமலை பானட்டை மூடுகிறார். எட்டாவது முறையும் என்ஜின் பிடிக்கிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் கை மட்டும் சாவியை விடவில்லை.