மூடியைத் தொடாதே

"மூடிய மட்டும் தொட்டுடாத, ஹாலிஸ்!"

வெர்லீன் போட்ட கத்தலில் பக்கத்து வயலில் மேய்ந்த வாத்துகள் எழுந்து பறந்திருக்கும். கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்த அவள் கணவன் மட்டும் அசையவில்லை.

அசைந்தால்தானே!

அறுவடைச் சமயத்தில் நெற்குதிரின் இரும்பு ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தவன். இடுப்பு எலும்பு ஒட்டியாயிற்று, தையல் பிரித்தாயிற்று, கிறிஸ்துமஸும் வந்து போயிற்று. மனுஷன் எழுந்து நடக்க மாட்டேன் என்கிறான். கழிப்பறைக்குப் போவதென்றாலும் அவள்தான் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள வேண்டும்.

பிடித்து நடக்கக் கொடுத்த வாக்கருக்கு அவன் வைத்த பெயர் 'கிழவன் வண்டி'. அது அவன் தொப்பியை மாட்டி வைக்கத்தான் உதவியது.

"இப்படியே உட்கார்ந்திருந்தால், பிறகு எழ நினைத்தாலும் கால் கேட்காது" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பனி விலகினால் விதைப்பு. மகள் ரோண்டா, வயலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று வாரா வாரம் போனில் ஓதிக்கொண்டிருந்தாள்.

வெர்லீனுக்கு அழுது பார்த்தும் அலுத்துவிட்டது, கெஞ்சிப் பார்த்தும் அலுத்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

இரும்பு வாணலியில் மாட்டுக் கொத்துக்கறியைப் போட்டு, மரக்கரண்டியால் குத்திக் குத்தி உடைத்தாள். கறிக்கு அத்தனை குத்து தேவையில்லை. வெங்காயம், குடைமிளகாய், செலரி எல்லாவற்றையும் கொட்டி, டப்பாத் தக்காளியை மேலே கவிழ்த்தாள். காரச் சாற்றுப் புட்டியை நாலு உதறு உதறினாள். அரை மணி நேரச் சமையல். சோறு மட்டும் சரியாக அமைந்துவிட்டால் இதற்கு ஈடு கிடையாது.

அமைய விட்டால்தானே!

அர்கன்சாஸில் மூன்று தலைமுறையாக நெல் போடுகிற குடும்பம் என்ற திமிர் அவனுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவள் சோற்றுப் பானையை மூடுவாள், அவன் திறப்பான். அவள் கண்ணெதிரே திறக்க மாட்டான், முதுகைத் திருப்பினால் போதும். ஆவி போய்விடும், சோறு நடுவில் நறுக்கரிசியாக நிற்கும். கேட்டால் "நானா?" என்பான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். இவனுக்கு ஆக்கவே பொறுக்காது.

குதிரிலிருந்து விழுந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. சோறு தினமும் மல்லிகைப் பூவாக வந்தது. அவளுக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

வாணலிக்கடியில் தீயைக் குறைத்தாள். அலுமினியப் பானையின் மூடி லேசாகக் குதித்துக்கொண்டிருந்தது.

"ரோண்டாகிட்ட பேசிட்டு வரேன். பானைய நான் வந்துதான் திறப்பேன்."



போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் படிக்கட்டில் வந்து நின்றாள். கதவை அரை அடி திறந்தே வைத்தாள். குளிர் முதுகெலும்பில் ஏறியது.

"ஆமாண்டி, சோறுதான் வெச்சிருக்கேன். உங்கப்பனா? அவன் எங்க எழுந்திருக்கப் போறான்! இனிமே அந்தப் பானையத் தொறக்க இந்த வீட்ல நாதியே இல்ல. நல்லதாப் போச்சு போ!"

அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. இருமிச் சமாளித்துக்கொண்டாள்.

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.

 பிறகு தரையில் ரப்பர் முட்டும் ஓசை, ஒரு காலை இழுத்து வைக்கும் ஓசை, கெட்ட வார்த்தை ஒன்று. மறுபடி ரப்பர்.

விழுந்துவிடுவானோ? ஓடிப்போய்த் தாங்கச் சொல்லிக் கை பரபரத்தது. ஆனால் அவன் வீம்பு அவளுக்குத் தெரியும். கிழவன் வண்டியைப் பிடித்து நடப்பதை அவள் பார்த்துவிட்டால் அதோடு சரி, மறுபடி நாற்காலிதான். கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, ரோண்டாவின் பிள்ளைகளைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தாள்.

சமையலறையில் மூடி கிணுங்கியது.

"ஏ வெர்லீன்! என்னடி இது, வெறுந்தண்ணி கொதிக்குது? அரிசி எங்கடி?"

வெர்லீன் போனை ஏப்ரன் பையில் போட்டாள். அதன் மறுமுனையில் ரோண்டா இல்லை. யாருமே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதில் எரிச்சலை மறுபடி வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தொப்பி அவன் தலையில் இருந்தது. ஒரு கையால் வாக்கரைப் பிடித்திருந்தான். கால் நடுங்கியது, ஆனாலும் நின்றுகொண்டிருந்தான்.

"மூடிய யாரு தொறந்தது?"

"நானா?" என்றான், மூடியைக் கையில் வைத்துக்கொண்டே.

அவள் குனிந்து அவன் கண்களைத் தவிர்த்தாள். அவனைத் தாண்டிப் போய் அடுப்பின் கீழறைக் கதவைத் திறந்து, மத்தியானமே ஆக்கி மூடி வைத்திருந்த சோற்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பூப்போல இருந்தது. புருஷனை எழுப்ப வேண்டியதுதான், அதற்காக நல்ல சோற்றை அவன் கையில் ஒப்படைக்க அவளுக்கென்ன பைத்தியமா?