ஆங்காலஜிக்கு வழி

ஈரத்தரையில் கால் வைக்காமல் அவர் ஓரமாகவே நின்றார்.

எழுபது வயது இருக்கும். தலையை மூடி ஒரு துண்டு. கையில் துணிப்பை, மடித்த ஒரு சீட்டு.

"ஏம்மா, இது எந்தப் பக்கம்?"

அவள் தரை துடைப்பதை நிறுத்திவிட்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

ஆங்காலஜி.

"நெஞ்சு வலிச்சப்போ கார்டியாலஜின்னாங்க. இது எதுக்கும்மா? வாயில நுழையற மாதிரி ஒரு பேருகூடவா கிடைக்கல இவங்களுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் பலகைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். லஜி என்கிற வால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தலையைப் பிடித்தால் போதும். கார்டியோ என்றால் இதயம். நெஃப்ரோ என்றால் சிறுநீரகம். டெர்மா என்றால் தோல். எல்லாம் பழைய கிரேக்கச் சொற்களாம். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி வராந்தாவில் மறந்துபோன நோட்டில் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, பரீட்சை முடிஞ்சிருச்சு, நீங்களே வெச்சுக்கங்கக்கா என்றுவிட்டாள்.

ஒருநாள் பஸ்ஸில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தில் டெர்மா இருந்தது. ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் மனம் துள்ளியது.

பக்கத்தில் திரும்பினாள். சொல்ல ஆளில்லை.

ஆங்கோ என்றால் கட்டி. நோட்டில் எட்டாவது பக்கம்.

மூன்று வருடத்துக்கு முன், இதே லிஃப்ட் வாசலில், அவள் புருஷன் நீட்டிய சீட்டை யாரோ வாங்கிப் பார்த்தார்கள். "கேன்சரா? மூணாவது மாடி."

அதுவரை அவர்கள் இருவருக்கும் தெரியாது.

லிஃப்ட் மேலே போய்ச் சேரும்வரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பெரியவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் அடுத்த கேள்வி வரும்.

முருகா, என் வாயால் வேண்டாம்.

"வாங்கய்யா. நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

அவள் வாளி எதிர்ப்பக்கம் இருந்தது.

வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் ஒரு பூனை மட்டும்தானாம். அதற்குப் பால் வைத்துவிட்டுக் கிளம்பினாராம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டானாம்.

"எறங்குற வரைக்கும் எழுப்பல. பாவம், என்ன அசதியோ."

அவள் உம் கொட்டினாள். அவளிடமும் யாரும் இவ்வளவு பேசி நாளாயிற்று.

மூன்றாவது மாடி.

பலகைக்குக் கீழே நீள பெஞ்சு. அவள் சற்றுப் பின்தங்கினாள். இங்கே யாராவது உரக்க அந்தச் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது.

கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்க்கவே இல்லை.

"வாங்க சவரிமுத்து தாத்தா. இன்னிக்கு நாலாவது ஊசி. அதே கட்டில்தான், போய்ப் படுங்க."

பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைத்துண்டை மட்டும் ஒருமுறை சரிசெய்துகொண்டார். பிறகு, யாரும் காட்டாமலே, இடதுபக்கம் திரும்பிக் கடைசி அறைக்கு நடந்தார்.

அவள் தன் வாளியைத் தேடிக் கீழே இறங்கினாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை.

ஈரத்தரையின் ஓரத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன.

"ஏம்மா, இது எந்தப் பக்கம்?"

அவள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள்.

"தெரியலையேய்யா. வாங்க, தேடிப் பாப்போம்."